ஊர் விருந்து வைத்து நிதி திரட்டுவது: டோக்கனா, மொய்யா, பொட்டலமா, அசனமா?

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் சுவரெல்லாம் மொய் விருந்து பிளக்ஸ்தான். அதைப் பார்த்துவிட்டு எந்த ஊர்த் தம்பியாவது போன் பண்ணிவிடுவார். "அண்ணே, எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைங்களுக்குக் கழிப்பறை கட்டணும், வருசத்துக்கு ஒரு சாப்பாடு போட்டு வசூல் பண்ணலாம்னு இருக்கோம், டோக்கன் அடிக்கவா, மொய் நோட்டுப் போடவா?" இந்தத் தடவை மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன், ஏனென்றால் மூன்று ஊரும் ஒரே மாதிரி இல்லை. போனில் பாதி விட்டுப்போகிறது, அதனால் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பேராவூரணிப் பக்கம் ஒரு ஊரில் நலச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவன். வருடம் ஒரு மதியச் சாப்பாடு போட்டு, அதில் மிஞ்சுவதை ஊர்க் காரியத்துக்குக் கொடுக்கிறோம்: ஒரு வருடம் குளத்துக்கு மதகு, ஒரு வருடம் தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் போய்வருகிறவர்களுக்குக் கார் வாடகை, இப்படி. முதல் மூன்று வருடம் டோக்கன் போட்டோம், கொரோனா வந்தபோது பொட்டலம், அதற்கப்புறம் மொய். அசனம், அதாவது சபை ஊர்களில் எல்லோரும் கூடிச் சமைத்து விலையில்லாமல் போடுகிற சாப்பாடு, அந்த முறையை நாங்கள் செய்ததில்லை, என் மனைவியின் ஊர் நாசரேத் பக்கம் என்பதால் அங்கே கூட நின்று பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது "எதில் நிறைய வசூல் ஆகும்?" என்பதைத்தான். வசூலைப் பார்க்காதீர்கள். செலவு போகக் கையில் நிற்பதைப் பாருங்கள். ஒரு லட்சம் வசூல் என்று மைக்கில் சொல்லிவிட்டு, பந்தல்காரர், பாத்திரக்கடை, மளிகை எல்லாம் கொடுத்து முடித்தபின் 30 ஆயிரத்தை நீட்டினால், ஊர் நம்பாது. அடுத்த வருடம் உங்கள் முகத்துக்காகக்கூட வரமாட்டார்கள்.

இரண்டாவது, நட்டம் வந்தால் யார் தலையில் விழும். மழை பெய்கிறது, ஊரில் ஒரு சாவு விழுந்துவிடுகிறது, அன்றைக்கே பக்கத்து ஊரில் பெரிய கல்யாணம் வருகிறது. சமைத்தாகிவிட்டது. இந்தக் கேள்விக்கு முதல் கூட்டத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஆள். சமைக்க மாஸ்டர் கிடைப்பார். பரிமாற, எச்சில் இலை எடுக்க, பாத்திரம் கழுவிக் கடையில் எண்ணி ஒப்படைக்க, இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள்? காலையில் போட்டோவுக்கு நின்ற நாற்பது பேர் சாயங்காலம் ஆறு பேர் ஆகிவிடுவார்கள். நான் ஆறு பேரைக் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போடுகிறேன்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். கையில் காசில்லாத ஒருவர் அதே பந்தியில், அதே இலையில் உட்கார முடியுமா? ஊர் பேரில் சாப்பாடு போட்டுவிட்டு ஊரில் ஒருவரை வாசலில் நிறுத்துவதென்றால் அதற்கு விருந்து என்று பெயர் வைக்கக்கூடாது, கடை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் புரிவதற்காக ஒரே அளவை எல்லா முறைக்கும் எடுத்துக்கொள்வோம். 500 பேர், சைவச் சாப்பாடு, ஓர் இலைக்கு எல்லாம் சேர்த்து 120 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தச் செலவு 60,000 ரூபாய். உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும், எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

## டோக்கன் விருந்து

பழக்கமான முறை. 250 ரூபாய்க்கு டோக்கன் அடித்து, இருபது பேரிடம் ஆளுக்கு 25 என்று பிரித்துக் கொடுத்து, விற்றுக்கொண்டு வரச் சொல்வது. 500-ம் விற்றால் 1,25,000 ரூபாய். செலவு போக 65,000 நிற்கும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது.

நடப்பது என்னவென்றால், இருபது பேரில் நாலைந்து பேர் விருந்துக்கு முதல் நாள் ராத்திரி பாதி டோக்கனைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதற்குள் அரிசி ஊறப்போகிற நேரம் வந்திருக்கும். 400 டோக்கன்தான் விற்றது என்றால் வரவு ஒரு லட்சம், செலவு அதே அறுபது, கையில் நிற்பது 40,000. டோக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான் விற்காமல் போனது, ஆனால் மிச்சத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. டோக்கன் முறையில் அடிபடுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். ஆகவே விற்பனையைப் பத்து நாள் முன்னால் மூடுங்கள், விற்காத டோக்கனை அன்றைக்கே திரும்ப வாங்குங்கள், அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாஸ்டருக்கு மளிகை லிஸ்ட் கொடுங்கள். "வர்றவங்க வருவாங்க, கொஞ்சம் கூடப் போட்டு வைங்க" என்று ஒரு பெரியவர் நிச்சயம் சொல்வார். கூட ஐந்து சதவீதம் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். டோக்கன் வாங்கியவர்களிலேயே சிலர் வரமாட்டார்கள், அது ஈடுகட்டிவிடும்.

இன்னொரு மறைசெலவு கடனாகப் போன டோக்கன். "அப்புறம் ஜிபே பண்றேன்" என்று வாங்கியவரிடம் மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்க முடியாது, கேட்டால் உறவு கெடும். டோக்கனைக் கொடுக்கும்போதே பணம் வர வேண்டும், இல்லையென்றால் கொடுக்காதீர்கள் என்று விற்கிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

டோக்கன் முறையை நாங்கள் விட்டதற்குக் காரணம் பணம் இல்லை. மூன்றாவது வருடம் காலையில் ஒரு லோடுமேன் அண்ணன் மினி லாரியில் இருந்து எங்கள் அரிசிச் சிப்பங்களை இறக்கி, சமையல்கட்டு வரை தோளில் கொண்டுவந்து அடுக்கினார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துக்குத்தானே, இருக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மதியம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற எங்கள் பையனுக்கு அவரைத் தெரியாது. "டோக்கன் அண்ணே?" என்றான். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், இருக்காது என்று தெரிந்தும் தொட்டுப் பார்த்தார், அப்புறம் மகளிடம் என்னவோ சொல்லித் திரும்பிவிட்டார். நான் மேசையில் இருந்து எழுந்து ஓடுவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், "சாப்டாச்சு தம்பி, அதுக்கென்ன" என்றார். அந்தப் பையன் மேல் தப்பு இல்லை, டோக்கன் கேட்கச் சொல்லி வாசலில் நிறுத்தியது நாங்கள்.

டோக்கனே போடுவதென்றால் வேலை செய்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும், லோடுமேன், துப்புரவுப் பணியாளர், பந்தல்காரர் உட்பட, அதே நிறத்து டோக்கன் முதல் நாளே போய்ச் சேர வேண்டும். இலவச டோக்கனுக்குத் தனி நிறம் அடிக்கவே கூடாது. ஐம்பது டோக்கனுக்கு வெளிநாட்டில் இருக்கிற நண்பர் யாராவது பணம் போட்டுவிடுவார், கேட்டால் கொடுப்பார்கள்.

டோக்கன் எங்கே சரிவரும்: முதல் வருடம் செய்கிறவர்களுக்கு, பெரிய ஊர், நகரத்துக் குடியிருப்பு, பழைய மாணவர் கூட்டம், அலுவலகம். ஆளுக்கு ஆள் முகம் தெரியாத இடத்தில் விலை போட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் நிம்மதி, எவ்வளவு கொடுப்பது என்று யாரும் தடுமாற வேண்டியதில்லை.

## மொய் விருந்து

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி, இந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு மொய் விருந்தை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: விருந்து வைக்கிறவர் கறிச்சோறு போடுவார், சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள், அந்தப் பணத்தில் அவர் கிணறு வெட்டுவார், கடையை விரிப்பார், பிள்ளையைப் படிக்க வைப்பார். ஐந்து வருடம் போல இடைவெளி விட்டுத் திரும்ப வைக்கலாம், அதற்குள் தனக்குச் செய்தவர்கள் விருந்துக்கெல்லாம் போய், வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்துவிட வேண்டும். வட்டியில்லாக் கடன், பத்திரம் இல்லாத சீட்டு என்று சொல்லலாம். மொய் நோட்டுத்தான் பத்திரம்.

இதைத் தர்மக் காரியத்துக்குத் திருப்புவது புதிதில்லை. 2022-இல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் மொய் விருந்து வைத்து நிதி சேர்த்தார். 2024-இல் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை மொய் விருந்து வைத்தது. அவசரத்துக்குச் செய்வது ஒரு விதம், வருடாவருடம் செய்வது வேறு விதம், நமக்கு வேண்டியது இரண்டாவது.

கணக்கைப் பாருங்கள். நாலு பேர் குடும்பமாக வந்து சாப்பிட்டு 200 ரூபாய் எழுதினால் இலைச்செலவில் 280 ரூபாய் நமக்கு நட்டம். தனியாக வந்து 2,000 எழுதிவிட்டுப் போகிறவர் அப்படிப்பட்ட ஆறு குடும்பத்துக்கு ஈடுகட்டுவார். ஆக மொய்யில் வரவு முழுக்க மேலே இருக்கிற கொஞ்சம் பேரைப் பொறுத்தது. அவர்களை விருந்தன்று எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு மாதம் முன்பே வீடு தேடிப்போய்ப் பத்திரிகை வையுங்கள். பத்திரிகை என்றால் வாட்ஸ்அப் படம் இல்லை, தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிற பத்திரிகை. எங்கள் பக்கம் அதற்கு இருக்கிற மரியாதையே வேறு.

இதில் ஒரு மறைசெலவு இருக்கிறது, வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மொய் என்றாலே திரும்பி வரும் என்பது எங்கள் ஊர்க்காரர் ரத்தத்தில் ஊறியது. பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று தெரிந்தே ஒருவர் 5,000 எழுதுவார், அடுத்த ஆவணியில் அவர் வீட்டு விருந்துப் பத்திரிகை சங்கத் தலைவர் வீட்டுக்கு வரும். "நீங்க வச்ச விருந்துல நான் செஞ்சேன்ல" என்பதை வாயால் சொல்ல மாட்டார், பத்திரிகையே சொல்லிவிடும். எங்கள் தலைவர் ஒரு வருடம் சொந்தப் பணத்தில் பதினொரு பேருக்குத் திருப்பிச் செய்தார். அதற்கப்புறம் மூன்று காரியம் செய்தோம். பத்திரிகையில் எந்தத் தனி மனிதர் பெயரும் இல்லை, அழைப்பது "ஊரார்". நோட்டின் முதல் பக்கத்தில் "இது திருப்பிச் செய்ய வேண்டாத மொய்" என்று பெரிதாக எழுதினோம். மூன்றாவதாக, மொய்க்கு ரசீது கொடுத்தோம். கையில் ரசீது வாங்கியபிறகு அது நன்கொடை என்று மனசில் பதிந்துவிடுகிறது. கேட்பது இப்போது நின்றுவிட்டது.

அப்புறம் மைக். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பார்கள், வாசித்தால்தான் பெரிய தொகை வரும் என்று சங்கத்தில் பாதிப்பேர் இன்றும் சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 50 ரூபாய் எழுதக் கொண்டுவந்தவர் அதைக் கேட்டுவிட்டு மேசைக்கு வராமலே போய்விடுவார். நாங்கள் பெயரை மட்டும் வாசிக்கிறோம். தொகையோடு முழுப் பட்டியலும் மறுநாள் சங்கக் கரும்பலகையில், அதற்குப் பக்கத்திலேயே செலவுக் கணக்கும். மேசைக்குப் பக்கத்தில் பெயர் எழுதாமல் போடுகிறவர்களுக்கு ஓர் உண்டியல், அதன் மேல் கியூஆர் அட்டை.

காலம் பார்ப்பது அடுத்தது. ஆடி ஆவணியில் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பதினைந்து மொய்ப் பத்திரிகை கிடக்கும், அதோடு நம்முடையதையும் வைத்தால் மீதம் இருப்பதுதான் நமக்கு வரும். தை, மாசிக்கு மாற்றுங்கள். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும், மழையும் ஓய்ந்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனபிறகு இந்த வட்டாரத்தில் மொய் வரவு எப்படிச் சுருங்கியது என்பதை எல்லோரும் பார்த்தோம். தேங்காய் இல்லாத வருடத்தில் மொய்யை நம்பிக் கட்டட வேலைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மொய் எங்கே சரிவரும்: முகம் தெரிந்த ஊர், எழுதி வைத்துக் கணக்குச் சொல்கிற பழக்கம் இருக்கிற ஊர். வாசலில் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை, சாப்பிட்டுக் கைகழுவி வருகிற வழியில் மேசை இருக்கும், எழுதுகிறவர் எழுதுவார். என் ஓட்டு இதற்குத்தான். மொய்யே தெரியாத ஊரில் போய் இதை வைத்தால் சனங்கள் இலவசச் சாப்பாடு என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

## பிரியாணிப் பொட்டலம்

இது கேரளத்தில் இருந்து வந்த பழக்கம். அங்கே "பிரியாணி சேலஞ்ச்" என்று சொல்லி இளைஞர் சங்கங்கள் முன்கூட்டியே ஆர்டர் எடுத்து, ஒரே நாளில் சமைத்து வீட்டுக்கு வீடு கொடுத்துப் பணம் திரட்டுகிறார்கள். வயநாட்டுக்கும் பல ஊர்களில் இப்படித்தான் சேர்த்தார்கள்.

எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் மீதமே ஆகாது. மண்டபம் வேண்டாம், பந்தி வேண்டாம், இலை எடுக்க ஆள் வேண்டாம். பணம் யுபிஐயில் முதலிலேயே வந்துவிடும், நட்டத்துக்கு இடமே இல்லை. சீரகச் சம்பா கிலோவுக்குப் பத்துப் பொட்டலம் என்று மாஸ்டரிடம் பேசிக்கொண்டால் கணக்கு சுத்தமாக நிற்கும்.

மறைசெலவு டப்பாவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, கைப்பை, உணவு கட்டுகிற தாள், மேசை விரிப்பு எல்லாம் அதில் வரும். அலுமினியத் தாள் டப்பா, துணிப்பை, தயிர்ப் பச்சடிக்குத் தனிக் கிண்ணம் என்று போனால் பொட்டலத்துக்கு ஒரு தொகை ஏறிவிடும், அதை விலை வைக்கும்போதே சேருங்கள். வீடுவீடாகக் கொடுக்கப் போகிற பையன்களின் பெட்ரோலையும் சேருங்கள், அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களாகக் கொடுக்க வேண்டும்.

நேரம் இன்னொன்று. சூடான சோற்றை டப்பாவில் அடைத்து மூடிவிட்டால் அது ஆறும் வேகம் குறைவு, அந்த வெதுவெதுப்பில்தான் கெடும். சமைத்தது 60 டிகிரிக்கு மேலே சூட்டில் இருக்கும்போதே தேக்சாவில் இருந்து நேராக அள்ளிக் கட்டி, உடனே கிளம்ப வேண்டும், வாங்கினவர்களிடம் மதியத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்ல வேண்டும். நாங்கள் காலை ஐந்து மணிக்கே தம் போட்டுவிட்டு எட்டு மணிக்குக் கட்ட ஆரம்பித்து, கடைசித் தெருவுக்குப் போனபோது ஒன்றரை ஆகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த தடவை இரண்டு தவணையாகச் சமைத்தோம்.

கறி ஹலால் கடையில் வாங்குங்கள், ஊரில் எல்லாத் தெருவிலும் வாங்குவார்கள். ஒரு பங்கு காய்கறிப் பிரியாணியும் வேண்டும். புரட்டாசியில் வைக்காதீர்கள்.

எங்கே சரிவரும்: நகரம், அடுக்குமாடிக் குடியிருப்பு, கூட ஆள் இல்லாத சின்னக் குழு, மழைக்காலம். பணம் மட்டும்தான் நோக்கம் என்றால் நான்கில் இதுதான் பாதுகாப்பு. ஆனால் யாரும் யாரோடும் உட்காரவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் அடுத்த வருடம் "நான் ரெண்டு சிப்பம் அரிசி தர்றேன்" என்று சொல்லுவார், கதவைத் திறந்து பொட்டலத்தை வாங்கிக் கதவைச் சாத்தியவர் சொல்லமாட்டார்.

## அசனமும் ஏலமும்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவச் சபை ஊர்களில் வருடம் ஒருமுறை அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் பணமும் கொடுப்பார்கள், நேர்ந்துவிட்ட ஆடு வரும், ராத்திரி முழுக்க ஊர் ஆம்பிளைகளே நின்று சமைப்பார்கள், மறுநாள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு விலையே இல்லை. மதுரைப் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரர்கள் ஒன்றுகூடி வருடாவருடம் பிரியாணி போடுகிறார்களே, அதிலும் இதே கதைதான், செலவை முன்னாலேயே சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள், சாப்பிட வருகிறவர் கையை யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் நிதி எங்கே இருந்து வரும்? அதற்கு அந்த ஊர்களிலேயே வழி இருக்கிறது. விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபையில் வைக்கிற அறுப்பின் பண்டிகையில் சனங்கள் படைத்த பொருளை ஏலம் விடுவார்கள். வாழைத்தார், பூசணி, சேவல், யார் வீட்டிலோ சுட்ட முறுக்கு. ஒரு தேங்காய் சந்தை விலையைப் போல இருபது முப்பது மடங்குக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன், எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வார். சாப்பாட்டையும் ஏலத்தையும் ஒரே நாளில் வைத்தால் நம் காரியத்துக்கு அருமையாகப் பொருந்தும்: சாப்பாடு எல்லோருக்கும், ஏலம் முடிந்தவர்களுக்கு.

மறைசெலவு இரண்டு. ஏலம் கேட்டவர் எல்லோரும் அன்றைக்கே பணம் கொடுப்பதில்லை. "அடுத்த பண்டிகைக்குள்ள தர்றேன்" என்பது ஏலத்தில் ஊரறிந்த வழக்கம், ஆகவே ஏலத்தொகையைக் கையிருப்பாக எழுதாதீர்கள், வந்தபிறகு எழுதுங்கள். இன்னொன்று, தெருவுக்குத் தெரு வீம்பு. போட்டி ஏறிக்கொண்டே போகும்போது ஏலம் விடுகிறவர் நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கூலி வேலை பார்க்கிற ஒருவர் கௌரவத்துக்காகப் பத்தாயிரம் கேட்டுவிட்டு வீட்டில் சண்டையாவது எந்தக் கழிப்பறைக்கும் வேண்டாம்.

எங்கே சரிவரும்: தேவாலயமோ கோயிலோ தர்காவோ எதுவானாலும் சரி, ஏற்கெனவே கூடிச் சமைக்கிற பழக்கம் இருக்கிற ஊர். கொடுக்கிற பொருளைக் கைநீட்டி வாங்கக் கூச்சப்படாத கமிட்டி. இல்லாத ஊரில் முதல் வருடமே இதை ஆரம்பித்தால் பொருள் பாதிதான் வரும், மீதியைக் கடன் வாங்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | டோக்கன் | மொய் | பொட்டலம் | அசனம் + ஏலம் |
|---|---|---|---|---|
| கையில் நிற்பது | விற்பனையைப் பொறுத்து | ஏறும், இறங்கும் | முன்பே தெரியும் | பெரிதாக வரலாம், தாமதமாக வரும் |
| நட்ட அபாயம் | விற்காத டோக்கன் | வரவு குறைந்த வருடம் | மிகக் குறைவு | பொருள் வந்துவிட்டால் இல்லை |
| ஆள் | நிறைய | நிறைய, எழுத இருவர் கூட | கட்டவும் கொடுக்கவும் மட்டும் | ஊரே வேண்டும் |
| சாப்பாடு மீதமாவது | நடுத்தரம் | அதிகம் | இல்லை | அதிகம் |
| காசில்லாதவர் | தனி ஏற்பாடு இல்லையென்றால் வெளியே | உள்ளே | வெளியே | உள்ளே |

## எந்த முறையிலும் வருகிற செலவுகள்

பாத்திர வாடகையில் காணாமல் போன கரண்டிக்கும் சேர்த்துத்தான் பில் வரும், இறக்கும்போதே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சமையலுக்கு வீட்டு சிலிண்டர் வைக்கக்கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். தண்ணீர் கேன், இலை, குப்பை அள்ளுகிறவருக்குக் கூலி, இந்த மூன்றையும் ஒவ்வொரு புதுக் கமிட்டியும் மறக்கிறது.

கூட்டத்துக்குச் சோறு போடுவது இலவசமாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவு வேண்டும், பொது நிகழ்ச்சியில் உணவு வழங்குவதும் அதில் வருகிறது. பெரிய செலவில்லை, எடுத்துவிடுங்கள். ஒன்று நடந்துவிட்டால் "தர்மத்துக்குச் செய்தோம்" என்பது பதில் ஆகாது.

பணம் சங்கத்தின் பெயரில் இருக்கிற கணக்கில், இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணை பிளக்ஸில் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். வரி விலக்கு ரசீது கொடுக்கத் தகுதி உள்ள அறக்கட்டளை என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு விலக்கு கிடைக்காது, அரிசியாகவோ ஆடாகவோ கொடுத்தாலும் கிடைக்காது. சாப்பாட்டுக்காக வாங்கிய டோக்கனை நன்கொடை என்று ரசீது போடலாமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சமைக்கிறவர், பரிமாறுகிறவர் யார் என்று பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காகப் பந்தியைப் பிரிக்காதீர்கள், ஆளை மாற்றாதீர்கள். நாலு இலை குறைந்தால் குறையட்டும்.

## நான் சொன்ன மூன்று பதில்

கேட்ட மூன்று தம்பிகளில் ஒருவர் ஒசூரில் குடியிருப்புச் சங்கம், ஆறு பேர்தான் வேலைக்கு. பொட்டலம் என்றேன். இன்னொருவர் பழைய மாணவர் கூட்டம், முதல் வருடம், பாதிப்பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும். டோக்கன், ஆனால் வராதவர்களும் வாங்குகிற மாதிரி, அவர்கள் வாங்குகிற ஒவ்வோர் இலையிலும் ஊரில் டோக்கன் வாங்க முடியாத ஒருவர் உட்காருவார் என்று சொல்லி. மூன்றாவது எங்கள் வட்டாரத்துப் பையன், கழிப்பறைத் தம்பி. மொய், ஆடியில் இல்லை, தையில்.

மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்றைச் சொன்னேன், மேலே சொன்ன கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள். அரிசி, பருப்பு, காய், தேங்காய், எண்ணெய் இவ்வளவையும் பொருளாகவே வாங்கிவிட்டால் அந்த 60,000 ரூபாய்ச் செலவு இருபத்தைந்தாயிரத்துக்கு இறங்கிவிடும். அப்போது 400 டோக்கன் மட்டுமே விற்றாலும் கையில் 75,000 நிற்கிறது, முன்னால் பார்த்த முழு விற்பனையைவிட அதிகம். மொய்யில் நாலு பேர் குடும்பம் 200 எழுதினாலும் நட்டம் இல்லை, அவர்களைப் பார்த்து யாரும் உள்ளுக்குள் கணக்குப் போட வேண்டியதில்லை. பணம் கேட்டால் யோசிக்கிறவர்கூட ஒரு சிப்பம் அரிசி கேட்டால் உடனே கொடுக்கிறார், நெல் போட்டவர் வீட்டில் அது இருக்கிறது.

ஆகவே தை மூன்றாம் ஞாயிறு விருந்து என்றால் கார்த்திகையில் கூட்டம் போடுங்கள். முதல் கூட்டத்தில் பந்தல், மைக், பிளக்ஸ் எதையும் பேசாதீர்கள். ஒரு நோட்டைத் திறந்து, அரிசி யார், பருப்பு யார், எண்ணெய் யார் என்று எழுதுங்கள். வேண்டிய அரிசி முழுக்கப் பெயர் விழுந்தபிறகு மாஸ்டருக்கு முன்பணம் கொடுக்கலாம்.